ஓடும் வீட்டுக்கு ஒரு தாழ்ப்பாள்

சமையலறை அலமாரியின் கதவை மூடுகிறோம். 'டக்' என்று ஒரு சிறிய ஓசை கேட்கிறது. கதவின் உட்புறத்தில் பொருத்தியுள்ள இரும்புத் தகட்டைச் சட்டத்திலுள்ள காந்தம் பற்றிக்கொண்டுவிட்டது. மீண்டும் திறக்க வேண்டுமானால் ஒரு விரலால் இழுத்தால் போதும். இந்த எளிய அமைப்பு நம் வீடுகளில் பல ஆண்டுகள் பழுதின்றி வேலை செய்கிறது.

இதே அலமாரியை, இதே காந்தத்துடன், ஓடும் வண்டி ஒன்றினுள் வைத்தால் என்ன ஆகும்? இரண்டொரு வளைவுகளுக்குள் கதவு திறந்து, தட்டுகளும் டப்பாக்களும் தரையில் உருளக்கூடும். காந்தம் வலுவிழந்துவிட்டதா? இல்லை. வீடு நின்றுகொண்டிருந்தவரை கதவு வெறும் மறைப்பாக இருந்தது. வீடு ஓடத் தொடங்கியதும் அதுவே ஒரு தடுப்புச் சுவராகிவிட்டது. இவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் இதற்குள் இயற்பியல் பாடத்தின் பாதி அடங்கியிருக்கிறது.

வண்டிக்குள் வீடு என்பது கற்பனையன்று. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்று, கடற்படை மருத்துவராக இருந்த வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவருக்காக 1885இல் குதிரைகள் இழுக்கும் உல்லாசப் பயண வீடு ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. ஜெர்மனியில் 1950ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் சிறிய வேன் உற்பத்தியாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அந்த வேனுக்குள் வைக்கத்தக்க மரச்சாமான் தொகுதியைச் செய்து விற்றது. படுக்கை, மேசை, அலமாரி எல்லாம் அதில் உண்டு. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் 'கேம்பர் வேன்' என்ற பெயரில் இத்தகைய வண்டிகள் ஏராளமாக ஓடுகின்றன. பழைய வேனை வாங்கித் தாமே ஒட்டுப்பலகையை அறுத்து அலமாரி செய்துகொள்பவர்களும் உண்டு. வீட்டு அலமாரிக்கான காந்தத்தை வாங்கிப் பொருத்தி ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இவர்களே.

எந்தக் கதவு எப்போது திறக்கும்?

பேருந்தில் நின்றுகொண்டு செல்லும்போது ஓட்டுநர் தடையை அழுத்தினால் நாம் முன்னோக்கிச் சாய்கிறோம். வண்டி இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் சாய்கிறோம். நம்மை யாரும் தள்ளவில்லை. வண்டி தன் இயக்கத்தை மாற்றிக்கொள்கிறது. நிலைமம் காரணமாக நம் உடல் பழைய திசையிலேயே செல்ல முயல்கிறது. வண்டிக்குள் இருந்து பார்ப்பவருக்கு இது ஒரு விசைபோலவே தோன்றும். அதைப் போலி விசை என்கிறோம். அதன் அளவு, பொருளின் நிறையை வண்டியின் முடுக்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். திசை, முடுக்கத்துக்கு நேர் எதிர்த்திசை.

திசையைக் கவனியுங்கள், பலர் தவறவிடுவது இதைத்தான். தடையை அழுத்தும்போதுதான் எல்லாக் கதவுகளும் திறந்துகொள்ளும் என்று நினைக்கிறோம். ஆனால் கேம்பர் வேனில் அலமாரிகள் பெரும்பாலும் வண்டியின் நீளவாக்கில், பக்கச் சுவரை ஒட்டி நிற்கின்றன. அவற்றின் கதவுகள் நடுவிலுள்ள நடைவழியைப் பார்த்தபடி இருக்கின்றன. தடை அழுத்தும்போது எழும் போலி விசை கதவுக்கு இணையாகச் செல்லுமே தவிரக் கதவைத் தள்ளாது. பொருள்கள் அலமாரியின் முன்பக்கப் பலகையில் மோதும்; அவ்வளவே. இந்தக் கதவுகளைத் திறப்பது வளைவு.

ஜெர்மனியில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. ஆகவே நடைபாதையை ஒட்டி வலப்பக்கத்தில் ஏறும் கதவும், இடப்பக்கச் சுவரில் சமையல் அலமாரியும் அமைவது அங்கே வழக்கம். அந்நாட்டின் வட்டச் சந்திப்புகளில் வண்டிகள் இடஞ்சுழியாகச் சுற்றுகின்றன. சுற்றும் நேரமெல்லாம் முடுக்கம் இடப்பக்கம். போலி விசை வலப்பக்கம். அதாவது இடச்சுவர் அலமாரியிலுள்ள தட்டுகள் யாவும் கதவை நோக்கித் தள்ளப்படுகின்றன. வட்டச் சந்திப்பில் சமையல் அலமாரி திறந்துகொள்வதற்குக் காரணம் இதுவே.

இனிக் கணக்குக்கு வருவோம். வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புகிறது என்று கொள்வோம். மையநோக்கு முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் வருவது: 100 ÷ 25 = 4 மீட்டர்/வினாடி². அலமாரியில் 6 கிலோகிராம் சாமான் இருந்தால் கதவின்மேல் விழும் விசை 24 நியூட்டன். ஏறக்குறைய இரண்டரைக் கிலோகிராம் எடைக்குச் சமம். இந்த விசை கதவின் நடுவில் செயல்படுகிறது. கதவின் ஒரு விளிம்பில் கீல், மறு விளிம்பில் காந்தம். திருப்புத்திறன்களைச் சமப்படுத்திப் பார்த்தால் காந்தத்தின் பங்கு பாதி, 12 நியூட்டன். 30 நியூட்டன் பிடிக்கும் காந்தம் ஒன்று இதை எளிதில் தாங்கிவிடும்.

(தாழ்ப்பாளைக் கீலுக்கு அருகில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். கதவின் நடுவில் வைத்தால் முழு 24 நியூட்டனையும் அதுவே தாங்க வேண்டும். கீலை இன்னும் நெருங்கினால் அதற்கும் மேல். தாழ்ப்பாளின் இடம் கீலுக்கு எட்டிய விளிம்பேதான்.)

அப்படியானால் காந்தமே போதுமே என்று தோன்றும். போதாது. ஒன்றை மறந்துவிட்டோம்: தட்டுகள் கதவை ஒட்டி நிற்கவில்லை.

ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி

தட்டுகளுக்கும் கதவுக்கும் இடையே 5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். வளைவில் தட்டுகள் முதலில் நழுவுகின்றன; வேகம் பெறுகின்றன; பிறகு கதவில் மோதுகின்றன. நழுவும் தொலைவில் அவை பெறும் ஆற்றல், விசை பெருக்கல் தொலைவு: 24 × 0.05 = 1.2 ஜூல். இது அற்பமான ஆற்றல்தான். ஆனால் அதைக் கதவு எவ்வளவு தொலைவில் விழுங்குகிறது? விறைப்பான ஒட்டுப்பலகைக் கதவு 2 மில்லிமீட்டர் வளைந்து கொடுப்பதாகக் கொண்டால், 1.2 ஜூலை 0.002 மீட்டரால் வகுக்க வேண்டும். வருவது 600 நியூட்டன்! 24 எங்கே, 600 எங்கே? இதில் பாதி, அதாவது 30 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை, அந்தச் சிறு காந்தத்தை ஒரு கணம் இழுக்கிறது.

உராய்வு இல்லையா என்று கூர்மையான மாணவர் கேட்பார். உண்டு. தட்டுக்கும் பலகைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.3 என்றால், ஏறக்குறைய 3 மீட்டர்/வினாடி² வரையிலான முடுக்கத்தை உராய்வே சமாளித்துவிடும், தட்டு நகராது. மெதுவாகத் திரும்பும் வண்டியில் கதவே இல்லாத அலமாரியில்கூடச் சாமான்கள் அசையாமல் இருப்பது இதனால்தான். நம் கணக்கில் முடுக்கம் 4; உராய்வு போக எஞ்சுவது 1. அப்போதும் மோதலின்போது 150 நியூட்டன் வருகிறது. மேலும் உராய்வு நம்பத்தக்க நண்பனன்று. அது பொருள் பலகையை அழுத்தும் விசையைப் பொறுத்தது. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கும் கணத்தில் பலகை கீழே செல்ல, தட்டு பலகையை அழுத்துவது குறைகிறது. உராய்வும் உடன் குறைகிறது. வளைவில் பள்ளமும் சேர்ந்துகொண்டால் மோதல் 150க்கும் 600க்கும் இடையே எங்கோ அமையும்.

இதிலிருந்து அனுபவசாலிகள் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்று விளங்குகிறது. அவர்கள் தட்டுகளுக்கு முன்னால் துவாலையையோ போர்வையையோ திணித்து வைப்பார்கள். இடைவெளி ஒழிந்தால் 600 மீண்டும் 24 ஆகிவிடும். விலையுயர்ந்த எந்தத் தாழ்ப்பாளும் செய்யாத உதவியை ஒரு பழந்துணி செய்கிறது.

காந்தத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. தகடு ஒட்டியிருக்கும்போதுதான் அதன் முழுப் பிடியும் கிடைக்கும். சற்று விலகினாலும் பிடி வேகமாகக் குறைந்துவிடும். ஆகவே மோதலில் கதவு ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டால், காந்தம் அதைத் திரும்ப இழுக்கும் வலிமையை அக்கணமே இழந்துவிடுகிறது. சுருள்வில்லின் கதை இதற்கு மாறானது. இழுக்க இழுக்க அதன் எதிர்ப்பு கூடும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வன்பொருள் கடையில் கிடைக்கும் அலமாரிக் காந்தம் ஒன்றை மேசை விளிம்பில் தலைகீழாகக் கட்டுங்கள். அதனுடன் வரும் தகட்டில் நூல் கட்டிச் சிறு பிளாஸ்டிக் வாளியைத் தொங்கவிடுங்கள். வாளியில் தண்ணீரை மெல்ல ஊற்றி, எந்த அளவில் தகடு பிடி விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம் அல்லவா? தகடு, வாளி ஆகியவற்றின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையே ஓர் அஞ்சலட்டையை வையுங்கள். பிறகு இரண்டு, மூன்று என்று கூட்டுங்கள். அட்டையின் தடிமனைத் திருகு அளவியால் அளந்து, தடிமனுக்கும் எடைக்கும் வரைபடம் வரையுங்கள். கோடு எப்படிச் சரிகிறது என்பதைக் கண்ணால் காண்பீர்கள்.

பிடிப்பது வேறு, தடுப்பது வேறு

காந்தம், சுருள்வில்லின் மேல் அமர்ந்த குண்டு, ரப்பர்ப் பிடி ஆகிய எல்லாம் ஒரே இனம். இவை கதவை ஒரு குறிப்பிட்ட விசையால் பிடித்துக்கொள்கின்றன. அந்த விசையைவிடப் பெரிய விசை வந்தால் விட்டுவிடுகின்றன. நம் விரலால் திறக்க வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டவை அவை. விரலுக்கும் உருளும் தட்டுக்கும் வேறுபாடு காண அவற்றுக்குத் தெரியாது.

நம் தெருக்கதவின் தாழ்ப்பாள் வேறு இனம். அதன் கம்பி நாதாங்கிக்குள் நுழைந்துவிட்டால், கதவை எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. கம்பியோ மரமோ திருகாணியோ உடைந்தால்தான் உண்டு. அது விசையால் பிடிப்பதில்லை; வடிவத்தால் தடுக்கிறது. ஓடும் வீட்டுக்கு வேண்டியது இந்த இனமே.

ஆனால் ஒவ்வொரு முறையும் கம்பியைக் கையால் தள்ளிப் பூட்டுவது தொல்லை. ஆகவே நாக்குத் தாழ்ப்பாள் பயன்படுகிறது. அதன் நாக்கு ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும். கதவை மூடும்போது சட்டத்தின் விளிம்பு சரிவான பக்கத்தில் படுகிறது. சாய்தளத்தில் படும் விசையை இரு கூறுகளாகப் பிரிக்கலாம் என்று படித்திருப்பீர்கள். ஒரு கூறு நாக்கின் நீளவாக்கில் செயல்பட்டு அதை உள்ளே தள்ளுகிறது. விளிம்பைக் கடந்ததும் சுருள்வில் நாக்கை மீண்டும் வெளியே தள்ளுகிறது. இனிக் கதவை உள்ளிருந்து தள்ளினால் விசை படுவது தட்டையான பக்கத்தில். அங்கே விசை நாக்குக்குச் செங்குத்து. நாக்கின் நீளவாக்கில் அதன் கூறு சுழி. 24 நியூட்டனாக இருந்தாலும் 600 நியூட்டனாக இருந்தாலும் சுழியைப் பெருக்கினால் சுழிதானே! நாக்கைப் பின்வாங்கச் செய்ய அந்த விசையால் இயலாது. மெல்லிய சுருள்வில் ஒன்றை வைத்துக்கொண்டு பெரிய மோதலை எதிர்ப்பதன் இரகசியம் இந்தச் செங்கோணமே.

விசை மறைந்துவிடவில்லை, இடம் மாறுகிறது. நாக்கிலிருந்து திருகாணிக்கும், திருகாணியிலிருந்து மரத்துக்கும் செல்கிறது. எனவே பொருத்தும் வேலை முக்கியமாகிறது. கேம்பர் வேன்களில் பரவலாகக் காணப்படும் பொத்தான் தாழ்ப்பாளுக்குக் கதவில் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை போட வேண்டும். துளையின் ஓரத்துக்கும் கதவின் விளிம்புக்கும் இடையே போதிய மரம் இருக்க வேண்டும். இல்லையேல் விளிம்பே பிளந்துவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் திருகாணி நெடுநாள் நிலைக்காது, ஒட்டுப்பலகை மேல். திருகாணிக்கு முன்கூட்டியே சிறு துளை இடுவது மரம் வெடிக்காமல் காக்கும். நாக்கைத் தாங்கும் தகட்டை, திருகாணி நேராக இழுக்கப்படாமல் குறுக்காக விசை படும்படி பொருத்த முடிந்தால் மிக நல்லது. நேர் இழுப்பில் மரத்தின் புரிகள் கழன்று வரும், குறுக்கு விசையில் முழுத் திருகாணியும் எதிர்த்து நிற்கும். அகலமான கதவுக்கு ஒரே தாழ்ப்பாள் போதாது. கதவு வில்போல் வளைந்து மூலை வாய் பிளக்கும். இரு மூலைகளிலும் ஒவ்வொன்று வேண்டும்.

நாக்குக்கும் தகட்டுக்கும் இடையே எவ்வளவு தளர்ச்சி விடுவது? சிறிதும் விடாவிட்டால், மழைக்காலத்தில் மரம் உப்பியதும் கதவு மூடாது. அதிகம் விட்டால் கதவு ஓயாமல் தடதடக்கும். ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு, சட்டத்தில் மெல்லிய ரப்பர்த் துண்டை ஒட்டினால் இரண்டும் தீரும். ஓசை நிற்பது மட்டுமன்று, கதவு சட்டத்தில் அறைந்து அறைந்து திருகாணிகளைத் தளர்த்துவதும் நிற்கும். ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் மண்சாலைகள் துவைகல்போல் வரிவரியாக அலை எழுந்து கிடக்கும். இரு அலை முகடுகளுக்கு இடையே 75 சென்டிமீட்டர் இருந்து, வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் வினாடிக்கு 22 குலுக்கல்கள். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 80,000! கதவின் இயல்பு அதிர்வெண்ணும் இதுவும் ஒத்துப்போனால் ஒத்ததிர்வு ஏற்பட்டு ஆட்டம் பன்மடங்காகும்.

குலுக்கலைப் பேசும்போது கொண்டியையும் சொல்ல வேண்டும். வளையத்தில் மேலிருந்து விழுந்து மாட்டிக்கொள்ளும் கம்பிக் கொண்டியும் வடிவத்தால் தடுப்பதுதான். ஆனால் அதை வளையத்தில் இருத்தி வைப்பது புவியீர்ப்பு மட்டுமே. வண்டியின் தரை 9.8 மீட்டர்/வினாடி²க்கு மிகுந்த முடுக்கத்துடன் கீழே இறங்கினால் கொண்டி வண்டியைவிடப் பின்தங்கி, வளையத்திலிருந்து மேலே எழும்பும். கொண்டியில் சிறு சுருள்வில் ஒன்றைச் சேர்ப்பது அதற்காகத்தான்.

இவ்வளவு கவலையும் ஒரு தட்டு உடைவதற்காகவா? அன்று. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வேன் எதிலோ மோதி 70 சென்டிமீட்டர் தொலைவுக்குள் நிற்பதாகக் கொள்வோம். முடுக்கக் குறைவு 138 மீட்டர்/வினாடி². புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 14 மடங்கு. முன்னோக்கித் திறக்கும் அலமாரியில் 2 கிலோகிராம் எடையுள்ள குக்கர் இருந்தால் அது கதவை 276 நியூட்டன் விசையுடன் தள்ளும். கதவு திறந்துகொண்டால் குக்கர் தன் பழைய வேகத்திலேயே, மணிக்கு 50 கிலோமீட்டரில், முன் இருக்கையில் அமர்ந்திருப்பவரின் தலையை நோக்கிச் செல்லும். அந்த வேகம் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழும் குக்கரின் வேகத்துக்குச் சமம். முன்னோக்கித் திறக்கும் கதவுக்குப் பின்னால் கனமான பொருள் எதையும் வைக்கக்கூடாது என்பது என் கருத்து. தாழ்ப்பாள் எவ்வளவு நல்லதாயினும் சரியே.

பூட்டியதா, பூட்டியதுபோல் இருக்கிறதா?

வடிவத்தால் தடுக்கும் தாழ்ப்பாளுக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. நாக்கு முழுவதும் இறங்கிப் பொருந்தியிருந்தால்தான் அது தாழ்ப்பாள். பாதி இறங்கியிருந்தால் பார்வைக்குக் கதவு மூடியே இருக்கும், வலிமை இருக்காது. விளம்பரப் படங்களில் பொத்தானின் பளபளப்பைத்தான் காட்டுகிறார்கள். நாக்கை யாரும் காட்டுவதில்லை.

இந்தப் பலவீனம் பெருந்துயரில் முடிந்தது ஒரு விமானத்தில். 1974 மார்ச் 3 அன்று பாரிஸிலிருந்து புறப்பட்ட துருக்கி விமானம் ஒன்று எர்மனோன்வில் காட்டில் விழுந்து, அதிலிருந்த 346 பேரும் உயிரிழந்தனர். அது டிசி-10 வகை விமானம். அதன் சரக்கறைக் கதவு வெளிப்புறமாகத் திறப்பது. கதவின் கொக்கிகள் முழுவதும் பொருந்தாத நிலையிலும் வெளியிலுள்ள கைப்பிடியை வலிந்து அழுத்தி மூடிவிட முடிந்தது. மூடியபின் வெளியே இருந்து பார்த்தால் கதவு பூட்டியதாகவே தோன்றும். விமானம் உயர உயர, உட்புறக் காற்றழுத்தம் கதவைத் தள்ளியது. கதவு பிய்ந்து போனது. பயணியர் அறையின் தரை இடிந்து, அதன் கீழே சென்ற கட்டுப்பாட்டு வடங்கள் அறுந்தன. 1972 ஜூன் 12 அன்று கனடாவின் வின்ட்சர் நகருக்கு மேலே இதே வகை விமானத்தில் இதே கதவு திறந்துகொண்டிருந்தது. அம்முறை எல்லாரும் உயிர் பிழைத்தனர். இரண்டு ஆண்டுகளுக்குள் திருந்தியிருக்க வேண்டிய பிழை அது.

வேனின் பொத்தான் தாழ்ப்பாள் எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வெளியே துருத்தி வரும், நாக்கு விடுபடும், துருத்திய பொத்தானே கைப்பிடியும் ஆகும். கதவை மூடிப் பொத்தானை உள்ளே அழுத்தினால் நாக்கு பொருந்தும். பொத்தான் கதவின் மட்டத்துக்கு இறங்கிவிடும். வண்டியைக் கிளப்பும் முன் நடைவழியில் நின்று ஒரு பார்வை பார்த்தால் எந்தப் பொத்தான் துருத்தி நிற்கிறது என்பது தெரிந்துவிடும். கைக்கும் தெரியும், இருட்டிலும் தெரியும். நாக்குக்கும் பொத்தானுக்கும் உள்ளே உறுதியான இணைப்பு இருக்கிறதா என்பதை மட்டும் பொருத்தும்போதே சோதித்துக்கொள்ள வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தி, நாக்கு முழு நீளமும் வெளிவருகிறதா என்று பாருங்கள்.

உலோகமே இல்லாத தாழ்ப்பாள் ஒன்றும் உண்டு. அது படகுகளிலிருந்து வந்தது. பாய்மரப் படகின் இழுப்பறைகளில், முன்பலகையின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். இழுப்பறையை உள்ளே தள்ளியதும் அந்த வெட்டு சட்டத்தின் மேல் விழுந்து அமர்ந்துகொள்ளும். திறப்பதற்கு முதலில் ஒரு சென்டிமீட்டர் மேலே தூக்க வேண்டும், பிறகுதான் இழுக்கலாம். படகு பக்கவாட்டில் எவ்வளவு சாய்ந்து ஆடினாலும் இழுப்பறை வெளிவராது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அசைவுகளை ஒரே நேரத்தில் செய்யக் கைக்குத்தான் தெரியும். வேன் செய்பவர்கள் சிலர் இதையும் பின்பற்றுகிறார்கள்.

ஆனால் வேன் படகன்று. பள்ளத்தில் தடாலென்று இறங்கும். ஒரு பள்ளத்தில் வண்டியின் தரை 12 மீட்டர்/வினாடி² முடுக்கத்துடன் கீழே செல்வதாகக் கொள்ளுங்கள். இழுப்பறை தன் சட்டத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் எழும்ப எவ்வளவு நேரம் வேண்டும்? அந்த நேரம் முழுவதும் அதே முடுக்கம் நீடித்தால்தான் அது திறக்கும் என்பதை நினைவில் வைத்துக் கணக்கிடுங்கள். விடை, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வரவேண்டும்.